ராத்திரிக் காவலை ஊரே எடுத்துக்கொள்ளலாமா?

குளத்தங்கரை:
நம்ம பக்கத்து ஊர்களில் ராத்திரி களவு போவது பெரும்பாலும் மூணுதான்: ஆடு, கிணத்து மோட்டார் வயர், ஆத்து மணல். ஒரே ஸ்டேஷனை நம்பி எத்தனையோ ஊர். ரோந்து வருகிற ஏட்டு, வந்துபோனதற்கு அடையாளமான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியைத் திருப்புவார். அவரைக் குறை சொல்லவில்லை, ஆள் அவ்வளவுதான். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், அதற்குள் ஆடு கறியாகியிருக்கும். மணலைத் தடுக்கப் போனால் உயிருக்கே உத்தரவாதமில்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்திலேயே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தன் ஊழியரையே காக்க முடியாத அரசை நம்பி நாம் கதவைச் சாத்திப் படுத்திருக்கிறோம்.

ஊரே ரோந்து போக வேண்டும் என்பது என் கட்சி. 150 வீட்டு ஊருக்கு 28 பேர் போதும். ராத்திரிக்கு 4 பேர். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள். 11 மணிக்கு ஆரம்பித்து 4 மணிக்கு முடிக்கலாம், அதன்பிறகு பால் கறக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் ஆள் நடமாட்டம் வந்துவிடும். இரண்டு பேர் நடக்க, இரண்டு பேர் ஊர் முக்கில் இருக்க, மணிக்கொரு தரம் மாற வேண்டும். கையில் டார்ச், விசில், நோட்டு, போன். ஆயுதம் வேண்டாம். எதிர்க்கிறவர்கள் காரணத்தோடு எதிருங்கள்.

மானாவாரி:
நான் ஆதரவு. ஆனால் இப்படி ஆரம்பிக்கிற ரோந்து ஏன் ரெண்டே மாசத்தில் படுத்துவிடுகிறது என்று முதலில் பேசுவோம்.

ஒரே நேரம், ஒரே பாதை. அதை மூணே ராத்திரியில் களவாணி படித்துவிடுவான். 12.10-க்குப் பிள்ளையார் கோயில், 12.30-க்கு வாட்டர் டேங்க் என்று ரயில் மாதிரி நடந்தால், அவனுக்கு நாமே மணி அடித்துக் கொடுக்கிறோம். சீட்டுக் குலுக்கிப் பாதையை எடுங்கள். டார்ச்சை வீசிக்கொண்டே நடப்பதும் தப்பு. இருட்டில் நின்று காது கொடுத்துவிட்டு, சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் அடிக்க வேண்டும்.

அடுத்தது நிற்கிற இடம். எல்லாரும் ஆட்டுக்கிடையைச் சுற்றி நிற்பார்கள். ஆட்டை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு பத்து மைல் நடப்பதில்லை. பின் சீட்டைக் கழற்றிய கார் ஒன்று விளக்கை அணைத்துத் தார் ரோட்டில் நிற்கும். ஆகவே காவல் நிற்க வேண்டிய இடம் வண்டிப்பாதை தார் ரோட்டில் ஏறும் முனை. வண்டி எண், நேரம், எந்தப் பக்கம் போனது, இந்த மூணையும் நோட்டில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

வயர் களவு வேறு மாதிரி. மோட்டார் ரூம் பூட்டைத் தொடவே மாட்டான். மோட்டார் ஓடாதபோது ஸ்டார்ட்டருக்கு அப்பால் உள்ள வயரில் கரண்ட் இருக்காது. அந்தத் துண்டைத்தான் அறுப்பான். அப்புறம் உடங்காட்டுக்குள் கொண்டுபோய்க் கொளுத்தி, மேல்தோலை எரித்துச் செம்பை மட்டும் சுருட்டிக்கொள்வான். விடியற்காலையில் காட்டுக்குள் வட்டமாகக் கருகிய தரையும், சாம்பலில் பொசுங்கிய பிளாஸ்டிக் நாத்தமும் இருந்தால் அதுதான். அதைக் காலால் கலைக்காமல் போட்டோ எடுங்கள். வயரைப் பி.வி.சி. பைப்புக்குள் விட்டு ரெண்டடி ஆழத்தில் புதைத்து, பைப் வெளியே வரும் வாய்க்குக் கொஞ்சம் காங்கிரீட் போட்டால், அந்தத் தோட்டத்துக்கு ரோந்தே தேவைப்படாது.

கோயில் கொடை ராத்திரியை மறக்க வேண்டாம். ஊரே வில்லுப்பாட்டுப் பந்தலில் இருக்கும், மத்த தெருவெல்லாம் வெறிச்சென்று கிடக்கும். கொடைக்கு வருகிற வெளியூர்க் கூட்டத்தில் ஒருத்தன் புதுமுகம் என்று யாருக்கும் தோன்றாது. அன்றைக்கு 4 பேர் பத்தாது, 8 பேர் வேண்டும்.

தேரிக்காடு:
அண்ணாச்சிமார் சொல்கிற வேலை விவரத்தில் எனக்குச் சண்டை இல்லை. நம்ம சீமைக்குக் காவல் என்ற சொல் புதிதா என்று மட்டும் கேட்கிறேன்.

பாளையக்காரர் காலத்தில் ஊருக்குள் ஸ்தலகாவல், சுற்று வட்டாரத்துக்குத் தேசகாவல் என்று இரண்டு அடுக்கு இருந்தது. காவலுக்கு விளைச்சலில் பங்கு. ஏற்பாட்டின்படி களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-ல் பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கிய பிறகு, கம்பெனி தேசகாவல் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. ஊர்க் காவல் மட்டும் அந்த நூற்றாண்டு முழுக்கத் தொடர்ந்தது.

அது என்னவாக முடிந்தது? காவல்கூலி கொடுக்காத வீட்டு மாடுதான் காணாமல் போகும். பிறகு துப்பு சொல்லத் துப்புக்கூலி. மாட்டைக் கொண்டுபோனவனும் துப்புச் சொன்னவனும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள். யாரும் கெட்டவர்களாகப் பிறந்ததால் இப்படி ஆகவில்லை. களவு நின்றால் காவலுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. நிரந்தரக் காவலுக்கு நிரந்தரக் களவு தேவைப்படுகிறது.

அதை எதிர்த்து எழுந்ததும் ஒரு தற்காப்பு இயக்கம்தான். 1896-ல் திண்டுக்கல் பக்கம் விவசாயிகள் 'பண்டு' என்று பணம் திரட்டினார்கள். ஊருக்கு ஊர் கொம்பு வைத்தார்கள். மாடு களவு போனால் கொம்பு ஊதுவார்கள், சத்தம் கேட்டவர்கள் திரண்டு தேட வேண்டும். பார்த்தால் நீங்கள் சொல்கிற விசிலேதான். கொஞ்ச காலத்தில் அதே கூட்டம், காவல் வேலை பார்த்த கள்ளர் சாதியார் வீடுகளுக்குத் தீ வைக்கிற கூட்டமாகத் திரும்பியது. மாட்டைத் தேடுவது சாதியைத் தேடுவதாக மாறிவிட்டது.

குளத்தங்கரை:
தேரிக்காடு அண்ணாச்சி, ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். 1899 ஜூன் 6-ல் சிவகாசி தாக்கப்பட்டபோது அது திருநெல்வேலி ஜில்லா. நாடார்களைத் தாக்கப் பெருங்கூட்டம் வந்தது. அரசுப் பட்டாளம் வந்து காக்கும் வரை காத்திருக்க முடியாமல் நாடார்கள் தாங்களே நின்று விரட்டினார்கள். அன்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு மனு எழுதியிருக்க வேண்டுமா?

தேரிக்காடு:
இல்லை. அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அது வாசலுக்கு வந்த கூட்டத்தை ஒரு நாள் எதிர்த்து நின்றது. நான் எதிர்ப்பது மாசாமாசம் வசூல் செய்து, ஆளுக்கு அடையாளம் கொடுத்து, வருகிறவன் போகிறவனை நிறுத்திக் கேட்கிற நிரந்தரக் காவலை. ஒன்று தற்காப்பு, மற்றது அதிகாரம்.

கோர்ட்டுவாசல்:
சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் யாரும் கம்பைத் தூக்க வேண்டாம்.

தற்காப்பு உரிமை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தன் உடல், அடுத்தவர் உடல், சொத்து எல்லாவற்றுக்கும் உண்டு. 37-ஆம் பிரிவில்தான் பிடி இருக்கிறது: அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது; தேவைக்கு மேல் ஒரு அடி விழுந்தாலும் கிடையாது. பிடிபட்டு உட்கார வைத்தவனை அடிப்பது தற்காப்பே அல்ல.

பிடிப்பதற்கே நிபந்தனை உண்டு. குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ஆம் பிரிவுப்படி, பொதுமக்கள் ஒருவரைப் பிடிக்கலாம் என்றால் அவர் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் செய்திருக்க வேண்டும். பிடித்ததும் தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளியே கட்டியிருந்த 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை ஒருவன் முதல் தடவை திருடி, திருப்பியும் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். போலீஸ்கூட வாரண்ட் இல்லாமல் பிடிக்க முடியாத வகையில் அது வருகிறது. சின்னக் குட்டிக்கும் பெரிய கிடாவுக்கும் சட்டம் வேறு. வீட்டுக்குள் புகுந்து திருடினால் நியாய சன்ஹிதா 305-ஆம் பிரிவு, அது கடுமையானது. இருட்டில் நிற்கிற 4 பேர் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியுமா?

மரத்தில் கட்டி வைத்தால் அதே சட்டத்தின் 127, முறைகேடாக அடைத்து வைத்த குற்றம். ஒருவன் மட்டும் அடித்தாலும், 5 பேரோ அதற்கு மேலோ கூடிய சட்டவிரோதக் கூட்டம் என்றால் 190-ஆம் பிரிவில் எல்லோரும் சிக்குவார்கள். 4 பேர்தானே என்று தப்ப முடியாது, பொதுக் கருத்தோடு செய்ததாக 3(5) வரும். சாதி, மதம் போன்ற காரணத்துக்காக 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால் 103(2), மரண தண்டனை வரை போகும். அருவாள் விவசாயக் கருவி என்று வாதாடலாம். ராத்திரி ரோந்தில் அது வயலுக்குப் போகிற கருவி ஆகாது.

செவக்காட்டுக்காரி:
எல்லோரும் ஆட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். ராத்திரி 11 மணிக்கு ஊர் முக்கில் 4 ஆண்கள் நின்றால் முதலில் யாரை நிறுத்துவார்கள்? நர்ஸ் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண்ணை. வேறு சாதிப் பையன் பைக்கில் கொண்டுவந்து விடுகிற பெண்ணை. "எங்கம்மா போயிட்டு வாறே, யாரு இவன்?" களவாணிக்கு ஒரு கேள்வி, பெண்ணுக்குப் பத்துக் கேள்வி. மறுநாள் காலையில் அந்த விஷயம் அப்பன் காதுக்குப் போகும். அதன்பிறகு நடக்கிற கொலைக்கு ரோந்துக்காரர் யாரும் குற்றவாளி ஆக மாட்டார். நம்ம சீமையில் இதைப் பேசாமல் ரோந்து பற்றி ஒரு வரி எழுதக் கூடாது.

அடுத்தது, ஊர் என்றால் யார்? ரோந்துப் பட்டியலில் மேலத்தெரு மட்டும் இருந்தால் கீழத்தெருக்காரர்களுக்கு அது காவல் ஆகாது, காவலில் வைப்பதாகத்தான் ஆகும். 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்தில் தலித் வீடுகளை நொறுக்கியது களவாணிக் கூட்டமா, போலீஸா? அரசு பாதுகாப்புத் தரவில்லை என்பதற்கு அந்தத் தெருக்களில் இன்னொரு பொருளும் உண்டு. அவர்களிடம் போய் "போலீஸும் நாங்களும் சேர்ந்து உங்களைக் காக்கிறோம்" என்றால் என்ன பதில் வரும்?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் சித்திரவதையில் இறந்தபோது, போலீஸுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பான ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஆட்கள் மேலும் குற்றச்சாட்டு வந்தது. ராமநாதபுரத்தில் 1993-ல் நல்ல எண்ணத்தில்தான் அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 2020 ஜூலையில் அரசே தடை போட்டது. சீருடை இல்லாதவனுக்கு ஸ்டேஷன் அதிகாரத்தில் கொஞ்சம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு ஊருக்குப் போக வேண்டாம்.

மானாவாரி:
தங்கச்சி சொன்னது உறைக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் எல்லா இடத்திலும் இது கெட்டுப்போனதில்லை. பெரு நாட்டில் மலைக்கிராமங்களில் மாட்டுக் களவுக்கு எதிராக 1976 டிசம்பரில் குயுமால்கா என்ற ஊரில் ரோந்து தொடங்கியது. அங்கே வெற்றி பெற்றதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை, கூட்டம். களவாணியைப் பிடித்தால் ஊர்க் கூட்டத்தில் நிறுத்துவார்கள். ரோந்துத் தலைமையைத் தேர்ந்தெடுப்பதும் கூட்டம், மாற்றுவதும் கூட்டம். 2003-ல் தனிச் சட்டமே போட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

தேரிக்காடு:
அதே லத்தீன் அமெரிக்காவில் மெக்சிகோவின் மிச்சோகானையும் பாருங்கள். 2013 பிப்ரவரியில் போதைக் கும்பலுக்கு எதிராக விவசாயிகள் துப்பாக்கி தூக்கினார்கள். தொடக்கத்தில் நியாயம் முழுக்க அவர்கள் பக்கம். 2014 மே மாதம் அரசு அவர்களை ஊரகப் படையாகச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் தோற்ற கும்பலின் ஆட்களே மனம் திருந்தியவர்கள் என்ற பெயரில் உள்ளே புகுந்திருந்தார்கள். யாரைச் சேர்ப்பது என்ற கதவை யாரும் காக்கவில்லை.

நம்ம நாட்டிலேயே சத்தீஸ்கர். மாவோயிஸ்டுகளுக்கு எதிரான சல்வா ஜூடுமில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர் என்று சொல்லி, இரண்டு மாதப் பயிற்சியோடு துப்பாக்கி கொடுத்து முன்னால் அனுப்பினார்கள். 2011 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு விரோதம் என்று நிறுத்தியது. சம்பளம் பெறும் போலீஸ் செய்ய வேண்டிய சாவுக்குத் துணிந்த வேலையை ஏழைப் பிள்ளை தலையில் கட்டியதுதான் அங்கே நடந்தது.

குளத்தங்கரை:
சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். பிடிக்கிற வேலை வேண்டாம். நிறுத்தி விசாரிக்கிற வேலையும் வேண்டாம். பார்ப்பது, எழுதுவது, விசில் ஊதுவது, 100-க்கோ 112-க்கோ அடிப்பது, அவ்வளவே. மூணு நீளமான ஊதல் என்றால் வாசல் விளக்கைப் போட்டு வெளியே வாருங்கள் என்று அர்த்தம். முக்கால்வாசிக் களவாணி விளக்கைப் பார்த்ததும் ஓடிவிடுவான். ஓடினால் விட்டுவிடலாம்.

கோர்ட்டுவாசல்:
அப்படியானால் சட்டத்தில் பெரிய தடை இல்லை. கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் ஏதாவது ஒன்றில். தீர்மானத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: யாரையும் தொடக் கூடாது, யாரிடமும் பணம் வசூலிக்கக் கூடாது. நகலை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போலீஸ் வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4). அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம், 175(3). இந்த வேலைக்கு நாலு பேர் தனியாக வேண்டும். ரோந்தைவிட இதுதான் ஸ்டேஷனை அசைக்கும்.

செவக்காட்டுக்காரி:
ஒவ்வொரு ராத்திரி நாலு பேரில் இரண்டு பேர் கீழத்தெரு. வாரம் இரண்டு ராத்திரியாவது பெண்கள். இரண்டு பேர் சேர்ந்து நடந்து வந்தால் நோட்டில் பெயர் எழுதக் கூடாது; வண்டி எண் மட்டும், அதுவும் தெரியாத வண்டியாக இருந்தால் மட்டும். நோட்டு பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்க வேண்டும், எந்த வீட்டுத் திண்ணையிலும் இருக்கக் கூடாது. இதில் ஒன்றுக்கு மறுப்பு வந்தாலும் கிராம சபையில் எழுந்து எதிர்த்துக் கை தூக்குவேன்.

தேரிக்காடு:
வசூல் இல்லை, பிடிப்பது இல்லை என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை: தீர்மானத்திலேயே ஆறு மாத முடிவுத் தேதி போடுங்கள். தொடர வேண்டும் என்றால் மறுபடியும் கிராம சபைக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்தும் டார்ச்சைக் கீழே வைக்க மனமில்லாதவர் யார் என்று அப்போது தெரியும்.

மானாவாரி:
முடிவுத் தேதிக்குச் சம்மதம். பிசான நெல் பருவத்துக்கு முன்னால் ஆரம்பித்து அறுவடையோடு முடிக்கலாம். கீழத்தெருவில் பேச நான் போகப் போவதில்லை. அங்கிருந்து இரண்டு பேர் பட்டியலை முதலில் எழுதட்டும், மேலத்தெருப் பெயர்கள் அதற்குக் கீழே வரட்டும்.