பத்தாம் நம்பர் பாஸ் கொடுத்திருக்கலாமா?

நேற்று குமரி மாவட்டக் கடற்கரையில் உள்ள தூத்தூரில் கல்லூரி கால்பந்து மேட்ச் பார்த்தேன். 1-1, கடைசி நிமிடம். த்ரோ (கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் பந்து) வாங்கிய நம்ம பத்தாம் நம்பர் ஆட்டக்காரன் இரண்டு பேரை ஏமாற்றினான். இடது ஓரத்தில் ஆடும் விங்கர் தனியாகக் கையைத் தூக்கி நிற்கிறான். இவனோ 25 மீட்டரிலிருந்து அடித்தான். பந்து தென்னந்தோப்புக்குப் போனது. ஏன் இந்த அவசரம்?

பதில்: விங்கர் ஆஃப்சைடு மக்கா, எதிரணியின் கடைசித் தடுப்பாளரையும் தாண்டி நின்றான். நான் அந்தத் தடுப்பாளருக்கு நேரே மதில்மேல் இருந்து பார்த்தேன்.

பதில்: த்ரோவுக்கு ஏது ஆஃப்சைடு?

பதில்: அண்ணே, த்ரோவிலிருந்து நேராக வாங்கினால்தான் விதிவிலக்கு. இங்கே பத்தாம் நம்பர் காலிலிருந்துதான் பந்து போகும். கொடுத்திருந்தால் கொடி தூக்கியிருப்பார்கள்.

பதில்: சரி, அடித்தது தப்பில்லை. ஆனால் கடற்காற்று முகத்துக்கு நேரே வீசும்போது பந்தை உயரத் தூக்கலாமா? கரையில் விளையாடி வளர்ந்த பையன் தரையோடு அடித்திருக்க வேண்டும். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியாவுக்கே ஆடியவர். அவர் ஆட்டத்தை இவன் பார்த்ததில்லையா?