ஓட்டல் வேலையில் இருக்கும்போது உருவாக்கிய செய்முறை யாருக்குச் சொந்தம்?

கொங்குச் சமையலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் உள்ள ஓர் அசைவ உணவகத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சரக்கு மாஸ்டராக வேலை பார்க்கிறேன். வருகிற தை மாதம் விலகி, திருப்பூரில் சிறியதாக ஓர் உணவகம் தொடங்கவிருக்கிறேன்.

இங்கே நன்றாக ஓடும் கொள்ளு சுக்கா நான் உருவாக்கியது. கொள்ளை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, மிளகாய் வற்றல், மிளகு, சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாகத் திரித்த பொடியை, கறி சுருண்டு எண்ணெய் பிரிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் தூவ வேண்டும்; முன்னதாகப் போட்டால் கொள்ளு ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு அடிப்பிடித்துவிடும். இந்தப் பக்குவம் கைக்கு வர எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

விலகப்போவதாகச் சொன்னதும் முதலாளி ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். இங்கே நான் உருவாக்கிய எல்லாச் செய்முறைகளும் உணவகத்துக்கே சொந்தம் என்றும், மூன்று ஆண்டுகளுக்கு ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் உணவகம் நடத்தக் கூடாது என்றும், என் அளவு நோட்டை ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. வேலைக்குச் சேர்ந்தபோது எந்த எழுத்து ஒப்பந்தமும் இல்லை. என் கைப்பக்குவத்தையே எழுதி வாங்குவதுபோல் மனம் வலிக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?

வழக்குரைஞர், சென்னை

ஐயா, முதலில் அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு, விலகும் நேரத்தில் புதிய நிபந்தனை எழுதித் தர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

செய்முறை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதைச் சட்டம் பலவாகப் பிரித்துப் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதிய வாசகத்தைத்தான் காக்கிறது. அந்த வாசகம் விவரிக்கும் முறையையோ, அதன்படி சமைத்த பண்டத்தையோ அது காப்பதில்லை. ஒரு கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் ஆவார். ஆகவே உணவகத்துக்காக நீங்கள் எழுதிக்கொடுத்த செய்முறைத் தாளின் வாசகத்துக்கு அவர் உரிமை கோரலாம். கொள்ளு சுக்காவை நீங்கள் சமைப்பதை அந்த உரிமையைக் கொண்டு அவரால் தடுக்க இயலாது.

காப்புரிமையும், அதாவது புதிய கண்டுபிடிப்புக்குத் தரப்படும் பேட்டன்ட் உரிமையும், இங்கே பெரிதாக உதவாது. பொருள்களைச் சேர்ப்பதால் அவற்றின் தனித்தனிக் குணங்களின் கூட்டு மட்டுமே கிடைக்குமானால், அந்தக் கலவைக்குக் காப்புரிமை இல்லை என்று 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது.

மூன்று ஆண்டுத் தடையைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டாம். ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அப்படித் தடுக்கும் அளவுக்குச் செல்லுபடியாகாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கு இத்தகைய கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. வேலையை விட்ட பிறகும் தொடரும் தடையை ஏற்பதில்லை.

கவனம் தேவைப்படும் இடம் இரகசியம். இந்தியாவில் வணிக இரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதை வெளியே பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் தடுத்திருக்கின்றன. அந்த உணவகத்தில் நீங்கள் சேர்வதற்கு முன்பே இருந்து, சிலருக்கு மட்டும் தெரியும்படி காக்கப்பட்ட மசாலா அளவு ஏதேனும் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

உணவகம் நடத்துபவர், திருச்சி

முதலாளிகள் பக்கத்திலிருந்தும் ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். அந்த நான்கு மாதங்களில் வீணான கறிக்கும் எண்ணெய்க்கும் பணம் கொடுத்தவர் அவர்தான்; வாடிக்கையாளர் முகம் சுளித்த நாள்களின் நட்டத்தைத் தாங்கியவரும் அவர்தான். அதைத் தாங்கள் மறக்கக் கூடாது. என் கடையில் மாஸ்டர் விலகியபோது ஒரே வாரத்தில் குழம்பின் சுவை மாறி, பல ஆண்டுகளாக வந்தவர்கள் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பயம்தான் உங்கள் முதலாளியை அந்தத் தாளை எழுத வைத்திருக்கும். ஆனால் பயத்துக்கு மருந்து தடை விதிப்பது அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது நான் மாஸ்டரைச் சேர்க்கும்போதே பேசி எழுதிவிடுகிறேன்: புதுப் பண்டம் மெனு கார்டில் ஏறினால் அதன் அளவைக் கடைக்கு எழுதித் தர வேண்டும், அதற்குத் தனித்தொகை உண்டு, விலகிய பின் இருவரும் அதைச் செய்துகொள்ளலாம்.

முப்பது ஆண்டு அடுப்படி

தம்பி, சிக்கன் 65ஐ 1965இல் தாங்களே அறிமுகப்படுத்தியதாகச் சென்னைப் புகாரி ஓட்டலார் சொல்கிறார்கள். இன்று அது இல்லாத ஊர் உண்டா? டெல்லியில் பட்டர் சிக்கனை உருவாக்கியது யார் என்று மோதி மகால், தரியாகஞ்ச் என்ற இரு உணவகங்கள் 2024இல் உயர் நீதிமன்றம் வரை போயின. அங்கும் சண்டை, உருவாக்கியவர் என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காகத்தான். நாடெங்கும் அதைச் சமைப்பவர்களை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சமையற்காரனுக்குக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் அந்தப் பெயர்தான். எத்தனையோ பண்டங்களை நானும் மெனுவில் ஏற்றியிருக்கிறேன், ஒன்றின் பக்கத்திலும் என் பெயர் இருந்ததில்லை. ஆகையால் உங்கள் புதுக் கடையில் இந்தச் சுக்காவை உருவாக்கியவர் நீங்கள் என்று தயங்காமல் எழுதி வையுங்கள்.

கொங்குச் சமையலர்

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. மெனுவில் அந்தப் பண்டத்துக்கு முன்னால் உணவகத்தின் பெயரைச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். நான் எப்படி அழைப்பது? நோட்டில் என் அப்பத்தா சொன்ன பக்குவங்களும் கலந்திருக்கின்றன; அதை எப்படிக் கொடுப்பது?

வழக்குரைஞர், சென்னை

உணவகத்தின் பெயரை எந்த வடிவிலும் பயன்படுத்தாதீர்கள். அது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் கீழ் உங்களை வம்பில் மாட்டிவிடும். கொள்ளு சுக்கா என்பது பண்டம் இன்னதென்று சொல்லும் பொதுப்பெயர் என்பதால் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நோட்டைப் பொறுத்தவரை, அந்த உணவகத்தின் மெனுவில் உள்ளவற்றின் அளவுகளை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். அப்பத்தா சொன்னவை நீங்கள் வேலைக்குச் சேரும் முன்பே உங்களிடம் இருந்தவை; அவை உள்ள நோட்டு உங்களிடமே இருக்கட்டும். கையெழுத்துக்கு மறுபடியும் வற்புறுத்தினால், அந்தத் தாளின் நகலை வாங்கி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.