பியர் டு பியர் கடன் ஏபிஐ: ஒரே கடனாளிக்கு இரண்டு ஆர்டர் விழுகிறது, உதவி தேவை

சத்துவாச்சாரி:
வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு மென்பொருள் பார்க்கிறேன். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற ஒரு பியர் டு பியர் தளத்தில், அதாவது தனியாள் தனியாளுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கும் இணையதளத்தில், கொஞ்சம் பணம் போடுகிறேன். கடன் கொடுப்பவர்களின் நிரல் தளத்தோடு நேரடியாகப் பேச அவர்களே ஏபிஐ தந்திருக்கிறார்கள். புதிய கடன் கோரிக்கைகளை எடுத்து, என் விதிக்கு ஒத்து வருவதை மட்டும் வடிகட்டி, ஆளுக்கு 5,000 ரூபாய் ஆர்டர் போடும்படி பைத்தானில் எழுதியிருக்கிறேன்.

பட்டியல் எடுப்பதில் குறை இல்லை. ஆர்டர் போடும்போதுதான் தொல்லை. மாலையில் தளம் மெதுவாகும் நேரத்தில் டைம்அவுட் என்று பிழை வருகிறது. அப்புறம் பார்த்தால் ஒரே கடனாளிக்கு இரண்டு ஒப்பந்தம் கையொப்பத்துக்கு வந்து நிற்கிறது. வேறு சில நாள் 200 (சரி என்பதற்கான சர்வர் குறியீடு) என்று பதில் வந்தும் சில ஆர்டர்கள் கணக்கில் ஏறவே இல்லை. இன்னொன்று, முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்து இரண்டு மூன்று நாள் கழித்து ஓடவிட்டால் இருப்பு போதாது என்கிறது. பணம் எங்கே போகிறது?

வாலாஜா ரோடு:
தம்பி, பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம்தானே? பிழை வந்தால் தானாகத் திரும்ப அனுப்பும் ரீட்ரை எதுவும் போட்டிருக்கிறீர்களா? அதில் எந்த மெத்தடெல்லாம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி:
ஆமாம் அண்ணா, ரீட்ரை இருக்கிறது. பட்டியல் எடுக்கும் கெட், ஆர்டர் அனுப்பும் போஸ்ட் இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

வாலாஜா ரோடு:
இரட்டை ஆர்டர் அங்கேதான் வருகிறது. ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் ஓடும் யுஆர்எல்லிப்3 நூலகத்தின் ரீட்ரையில் இயல்பாக கெட், புட், டெலீட் எல்லாம் இருக்கும், போஸ்ட் மட்டும் இருக்காது. காரணத்தோடுதான் விட்டிருக்கிறார்கள். கெட்டைப் பத்து முறை அனுப்பினாலும் அதே பட்டியல்தான் வரும். போஸ்ட்டை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு ஆர்டர்.

டைம்அவுட்டில் இரண்டு வகை உண்டு, இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கனெக்ட் டைம்அவுட் என்றால் சர்வரோடு தொடர்பே கிடைக்கவில்லை. ஆர்டர் அங்கே போகவில்லை, தைரியமாகத் திரும்ப அனுப்பலாம். ரீட் டைம்அவுட் அப்படி இல்லை. ஆர்டர் போய்விட்டது, பதில்தான் நேரத்துக்கு வரவில்லை. அவர்கள் பக்கம் ஆர்டர் பதிவாகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். அந்த நிலையில் திரும்ப அனுப்பவே கூடாது. முதலில் ஆர்டர் பட்டியலைக் கேளுங்கள். அந்தக் கடன் எண் அதில் இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றாலும் உடனே அனுப்ப வேண்டாம், சற்றுப் பொறுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஐடெம்பொட்டன்சி கீ என்று ஏதாவது அவர்கள் ஆவணத்தில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஆர்டருக்கு ஒன்றாக நீங்களே உருவாக்கும் அடையாள எண் அது. அதே எண்ணோடு மறுபடி போனால் சர்வர் புது ஆர்டர் போடாமல் பழைய பதிலையே தரும். அனுப்பும் முன்பே அந்த எண்ணை டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். நடுவில் கரண்ட் போய் நிரல் நின்றாலும், திரும்ப ஓடும்போது எது பாதியில் நிற்கிறது என்று தெரியும்.

ஆரணி நெசவு:
200 விஷயம் நான் சொல்கிறேன். 200 என்றால் கோரிக்கை வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் லெண்டிங்கிளப் என்ற கடன் தளம் 2020 கடைசியில் சிறு முதலீட்டாளர்களுக்கான நோட்ஸை (கடனில் சிறு பங்கு) நிறுத்தும் வரை அவர்கள் ஏபிஐயும் இப்படித்தான் இருந்தது. ஒரே கோரிக்கையில் பல கடனுக்கு ஆர்டர் அனுப்பலாம். பதிலுக்குள் ஒவ்வொரு கடனுக்கும் தனி நிலை வரும்: நிறைவேறியது, கடனில் மீதி இடம் இல்லை, கையில் பணம் போதாது என்று. உங்கள் தளம் அனுப்பும் பதிலை (ஜேசன் வடிவில் வரும்) முழுசாக லாக் கோப்பில் எழுதிப் பாருங்கள். உள்ளே காரணம் இருக்கும்.

பணம் எங்கும் போகவில்லை. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தியது. எஸ்க்ரோ கணக்கில், அதாவது கடன் போகும் வரை பணத்தை வைத்திருக்கும் இடைக்கணக்கில், வந்த பணம் மறுநாளைத் தாண்டி அங்கே தங்கக் கூடாது. உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பியிருக்கும், பாஸ்புக்கைப் பாருங்கள். ஆர்டர் போடும் அன்றே பணம் ஏற்றுங்கள்.

பாலாற்றுக்கரை:
இன்னொரு வரம்பையும் நிரலில் எழுதிவிடுங்கள். ஒரு கடனாளிக்கு ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் தரக் கூடாது, எல்லாத் தளமும் சேர்த்து மொத்தம் 50 லட்சம். 10 லட்சத்தைத் தாண்டினால் 50 லட்சம் நிகர மதிப்புக்கு ஆடிட்டர் சான்று வேண்டும். கடனாளி ஒவ்வொருவரையும் கொடுப்பவர் ஒப்புக்கொண்டு, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிறகே பணம் போக வேண்டும் என்பதும் விதி. அந்தக் கையொப்பத்தை மட்டும் நிரலிடம் விடாதீர்கள்.

தம்பி, இதையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இது யார் பணம்?

சத்துவாச்சாரி:
பாதி என்னுடையது. மீதி அப்பா ஓய்வு பெற்றபோது வந்தது, என் கணக்கில் போட்டிருக்கிறார்.

பாலாற்றுக்கரை:
அப்பாவின் பணத்தை வெளியே எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கடன் வராமல் போனால் நட்டம் முழுக்கக் கொடுத்தவருக்கே, தளம் ஒரு ரூபாய்கூட ஈடு கட்ட முடியாது. 2022-இல் நம் காட்பாடியில் மாத வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனத்தை நம்பி எத்தனை வீடுகள் அழுதன என்று உங்களுக்கே தெரியும். அது மோசடி, இது பதிவு பெற்ற தொழில், இரண்டும் வேறு. ஆனால் திரும்பி வராத பணம் பெரியவருக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

சத்துவாச்சாரி:
சரி ஐயா, அப்பாவிடம் இன்றே பேசுகிறேன். இனி திரும்பி வரும் தவணைகளை அவர் கணக்குக்கே மாற்றிவிடுகிறேன்.

ரீட்ரையில் போஸ்ட்டை எடுத்துவிட்டேன். வங்கிக் கணக்கில் பார்த்தேன், பணம் அங்கேதான் இருக்கிறது. ஐடெம்பொட்டன்சி கீ அவர்களிடம் இல்லை, அதனால் ரீட் டைம்அவுட் வந்தால் ஆர்டர் பட்டியலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. இரட்டையாக நிற்கும் ஒப்பந்தங்களில் கையொப்பமிடாமல் விட்டால் தானாக ரத்தாகுமா?

வாலாஜா ரோடு:
தளத்துக்குத் தளம் மாறும். அதனால் காத்திருக்காமல் கடன் எண்களைக் குறிப்பிட்டு ரத்து செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒருவருக்கு இரண்டிலும் கையொப்பம் போயிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, தவணை முடியும் வரை அது 10,000 ரூபாய்க் கடன்தான். உங்கள் வரம்புக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.