மறு: ‘லீக்’ - கசிவா, ஒழுக்கா?

> பேட்டரி, கெப்பாசிட்டர் இரண்டுக்கும் ‘கசிவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. இன்னொரு சொல் எதற்கு?

நண்பருக்கு,

பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் எழுதும்போது, ‘லீக்’குக்கு ஈடாகக் ‘கசிவு’ என்ற சொல் வேறு பொருளின்றிச் சும்மா இருந்தால் வைத்துக்கொள்ளலாம். பாடநூலில் அது ‘கசிவு மின்னோட்டம்’. நாளிதழிலோ எங்கே தீப்பிடித்தாலும் ‘மின்கசிவு’. பழைய வீட்டுக் கணினியைப் பற்றி எழுதும்போது ‘மின்தேக்கியில் கசிவு’ (மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்தான்) என்றால் மின்னோட்டம் நழுவுகிறதா, உள்ளிருக்கும் மின்பகுளி என்ற நீர்மம் வெளியே வந்துவிட்டதா? முன்னதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்.

1991இல் வந்த அமிகா 500 பிளஸ் என்ற வீட்டுக் கணினியில், கடிகாரத்துக்கென்று நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். கணினியைத் தொடாமல் பரணில் வைத்திருந்தாலும் காரம் வெளியேறி செப்புத் தடங்களை அரிக்கும். இன்று அதைப் பழையதாக வாங்குகிறவர்கள் முதலில் வெட்டியெடுப்பது அந்த பேட்டரியைத்தான். மின்தேக்கியிலும் இதே கதை. என் மேசையில் இருக்கும் பலகையில் ஒரு மின்தேக்கியின் காலடியில் பச்சைக் களிம்பு. சூட்டுக்கோலை வைத்ததும் அழுகிய மீன் வாடை. இதைப் போய்க் ‘கசிவு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே நீர்மம் வெளிவந்தால் ‘ஒழுக்கு’. கூரையும் குழாயும் ஒழுகும்போது மின்தேக்கி ஒழுகக்கூடாதா? (‘ஒழுக்கத்தோடு குழம்பும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒழுக்கம் கெட்ட மின்தேக்கி என்று சிரித்துக்கொள்வோம்.)

கசிவை மின்னூட்டத்துக்கே விட்டுவிடலாம். ஈபிராம் (புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சில்லு) சில்லில் பிட்டுகள், அதாவது 0, 1 என்ற தரவுகள், தாமாக மாறுவதை ‘பிட் அழுகல்’ என்று முந்தைய மடலில் மொழிபெயர்த்திருந்தீர்கள். அங்கே அழுகுவது எதுவுமில்லை. சில்லுக்குள் காப்பிடப்பட்ட வாயிலில் (‘கேட்’) சிறைப்பட்ட மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. 0 என்று எழுதியது ஒருநாள் 1 ஆகப் படிக்கப்படுகிறது. சில்லின் கண்ணாடிச் சாளரத்தை மூடிய ஒட்டுத்தாள் உரிந்து வெயில் பட்டால் இன்னும் விரைவு. ‘பிட் கசிவு’ என்றால் நடப்பதை அப்படியே சொல்லிவிடும்.

மின்தேக்கியின் மேல்மூடி புடைத்திருந்தால் ‘உப்பல்’. பட்டறையில் ‘உப்பிருச்சு’ என்றுதானே சொல்கிறார்கள், நாம் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

பழைய மின்தேக்கிகளை எடுத்துவிட்டுப் புதியவை வைக்கும் ‘ரீகேப்’புக்கு வந்த ‘மறுதேக்கம்’ மட்டும் வேண்டாம். அணை கட்டுவதுபோல இருக்கிறது. ‘தேக்கி மாற்று’ போதும்.

அன்புடன்