பழைய மவுண்டன் பைக்ல ஃபேட் டயர் ஏறுமா?

கேள்வி: வீட்டுல பழைய மவுண்டன் பைக் ஒண்ணு சும்மா கெடக்கு, பனியில ஓட்ட அதுலயே 4 இன்ச் அகல ஃபேட் டயர் போட்டுக்கலாமானு பாக்குறேன், புது ஃபேட் பைக் வெலைய கேட்டா தல சுத்துது. யாராவது பண்ணிருக்கீங்களா?

பதில் 1: ஏறாது பாஸ். டயர் செயின்ஸ்டேல (பெடல் பக்கத்துலருந்து பின் சக்கரத்துக்குப் போற ஃபிரேம் குழாய்) இடிக்கும், அத அகலமாக்குனாலும் அடுத்து செயின் டயர்ல உரசும். அதனாலதான் ஃபேட் பைக்ல பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுத்துற இடம்) 100 மிமீ, பின் ஹப் (சக்கரத்தோட நடுப்பகுதி) 170, 190 மிமீனு அகலமா வைக்கிறாங்க.

பதில் 2: 2005ல சர்லி கம்பெனி விட்ட பக்ஸ்லிங்கற ஃபேட் பைக்க பாருங்க, சாதாரண 135 மிமீ ஹப்பையே வச்சு ஃபிரேமோட பின்பக்கத்த 17.5 மிமீ ஒரு பக்கமா தள்ளி செயினுக்கு வழி விட்டுட்டாங்க. முன்னாடியும் அதே ஹப் அளவுங்கறதால அதுல ஒரு பல்சக்கரம் மாட்டி வச்சுட்டா, அலாஸ்கா குளிர்ல பின் ஃப்ரீவீல் (பெடல் மிதிக்காதப்பவும் சக்கரத்த சுத்த விடுற பாகம்) உறைஞ்சா வீல மாத்திப் போட்டு வீடு வந்துடலாம். செம ஐடியா! அதுக்கு முன்னாடி அங்க ரெண்டு ரிம்ம சேத்து வெல்டு வச்செல்லாம் ஓட்டிருக்காங்க.

பதில் 3: எந்த ஃபிரேமா இருந்தாலும் காத்த கொறைங்க. தளர்ந்த பனியில 5 பிஎஸ்ஐ பக்கம் போதும், வீட்டுக்குள்ள அடிச்சுட்டு வெளிய போனா குளிர்ல இன்னும் எறங்கும்.

கேள்வி கேட்டவர்: அப்போ பழைய பக்ஸ்லி ஃபிரேம் தேடுறேன், யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்கப்பா