மறு: ‘கிரெடிட் போர் பிரையர் லேர்னிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் திருகோணமலையிலிருந்து வணக்கம். ஒருவர் வேலையிலோ வேறிடத்திலோ முன்னமே கற்றதை அளந்து, படிப்பை முடிக்கச் சேர்க்கவேண்டிய கற்றல் அளவான கிரெடிட்டில் சேர்த்துக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்கள். எங்கள் பயிற்சி நிலையத்துக்கான வழிகாட்டிக் கையேட்டில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அதனால் என்னால் இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பாட விலக்கு’ என்று போட்டால் போதுமே, எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் பிழையாக விளங்கும். வரி விலக்கு, கட்டண விலக்கு என்று நாம் சொல்வதெல்லாம் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட ஒருவருக்குத் தருகிற சலுகை. இங்கே விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே கற்று முடித்துவிட்டார், கற்றதை அளந்து கணக்கில் சேர்க்கச் சொல்லித்தான் கேட்கிறார். நடைமுறையிலும் இரண்டும் வேறு. பல பல்கலைக்கழகங்களில் விலக்கு மட்டும் கிடைத்தால் அந்தப் பாடத்தைப் படிக்கத் தேவையில்லை, ஆனால் அதற்குப் பதிலாக வேறொரு பாடம் எடுத்துப் பட்டத்துக்குரிய கிரெடிட்டை நிரப்பியாக வேண்டும். கிரெடிட்டே கிடைத்தால் பட்டத்துக்கு எடுக்கவேண்டிய மொத்தத்தில் அவ்வளவும் குறையும். இந்த வேறுபாடு தெரியாமல் விண்ணப்பித்த பிள்ளைக்கு ஒரு அரையாண்டே போய்விடும். அதனால் விலக்கு என்ற சொல்லைக் கையேட்டில் அதற்குரிய இடத்தில் மட்டும் வைப்போம்.

> திறமைப்புள்ளி?

தங்கச்சி, கிரெடிட்டுக்கு இந்தச் சொல்லை வைக்க எனக்கு இரண்டு தடை. சாதாரண தரப் பரீட்சையில் ‘சி’ எடுத்தால் திறமைச் சித்தி என்கிறோம், அதுவும் ஆங்கிலத்தில் கிரெடிட்தான், ஆனால் பொருள் முற்றிலும் வேறு. அப்புறம் புள்ளி என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் புள்ளி. மூன்று கிரெடிட் பாடத்தில் ஒருவர் ‘ஏ’ எடுத்தாலும் இன்னொருவர் ‘சி’ எடுத்தாலும் இருவருக்கும் அதே மூன்றுதான். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணிநேரக் கற்றல், ஓர் ஆண்டுப் படிப்புக்கு 30 கிரெடிட். வகுப்பு, வாசிப்பு, செய்முறை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அந்த 50க்குள் அடங்கும். ஆக இது திறமையைக் காட்டும் எண் அல்ல, கற்றலின் அளவைக் காட்டும் எண். அளவு என்றால் அலகு வரவேண்டும். வெறும் அலகு என்று விட்டால் பாடத்திட்டத்து அலகோடு குழம்பும், அதனால் ‘மதிப்பலகு’ என்கிறேன்.

‘வரவு’ என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் வரவு வைத்தல் என்பது அழகான தமிழ், எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் பல்கலைக்கழக அறிவித்தல் பலகையில் ‘80 வீத வரவு கட்டாயம்’ என்று தொங்குகிற இடத்தில் அதே சொல்லை இதற்கும் வைத்தால் யாரும் ஒழுங்காக வாசிக்க முடியாது.

சரி, அடுத்த பாதிக்கு, அதாவது ‘பிரையர் லேர்னிங்’ என்பதற்கு வருகிறேன், சிக்கல் அங்கேதான். ‘முன்படிப்பு’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். படிப்பு என்றதும் பள்ளி, கல்லூரி, சேர்ட்டிபிக்கட் மட்டும்தான் மனதில் வரும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவரையும் நிலாவெளி ஹோட்டலில் பல ஆண்டு சமைத்தவரையும் அந்தச் சொல் வெளியே நிறுத்திவிடும். அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த முறையே உண்டானது. நம் நாட்டில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை, அதாவது என்.வி.கியூவை, பயிற்சி நிலையத்துக்குப் போகாமலே அனுபவத்தை வைத்து எடுக்கலாம். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார், பழைய வேலைக்கான சான்றுகளைப் பார்ப்பார். பிரான்சில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் அனுபவத்தை வைத்தே பட்டம் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் வகுப்புக்குப் போகாமலே எழுதக்கூடிய கிளெப் என்ற கல்லூரி மட்டப் பரீட்சை 30க்கு மேற்பட்ட பாடங்களில் நடக்கிறது, 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால் கிரெடிட் கொடுக்கலாம் என்பது பரிந்துரை. கொடுப்பதா இல்லையா என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ஆசிரியர்களிடம் கற்ற தமிழோடு 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர். பிறகு இந்த ஊர் இந்துக் கல்லூரியிலும் பணியாற்றினார், 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். எங்கே இருந்து கற்றார் என்பதைவிட என்ன கற்றார் என்பதைப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. பரம்பரைச் சித்த வைத்தியர்களைப் பதிவு செய்யும் முறையும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே ‘முற்கற்றல்’. முற்பணம், முற்பகல் போலப் புணர்ச்சியும் சரியாக வருகிறது. முன்கூட்டியே கற்பது என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐயா எழுதியதும் நியாயமான கவலை, ஆனால் தனியாக நிற்காமல் ‘முற்கற்றல் மதிப்பலகு’ என்று சேர்ந்து வரும்போது அந்த மயக்கம் பெரும்பாலும் போய்விடும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் பிரித்தே ஆகவேண்டும். ஒரு கல்லூரியில் பாதி படித்தவர் வேறொரு கல்லூரிக்குப் போகும்போது பழைய பாடங்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு வேலை. சான்றிதழே இல்லாத கற்றலை அளப்பது இன்னொரு வேலை. முதலாவதற்கு ‘மதிப்பலகு மாற்றம்’ என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. ஊர்மாற்றம் போல இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பதாக அது காட்டுகிறது. உண்மையில் புதிய கல்லூரிதான் பாடத்திட்டத்தை ஒப்பிட்டு, எடுத்த பெறுபேற்றைப் பார்த்து, இதை எடுப்பேன் அதை எடுக்கமாட்டேன் என்று முடிவெடுக்கிறது. அதனால் ‘மதிப்பலகு ஏற்பு’. இரண்டாவதற்கு ‘முற்கற்றல் மதிப்பீடு’. அதற்காக விண்ணப்பதாரர் சேர்த்துக் கொடுக்கும் வேலைப் படங்கள், முதலாளி கடிதம், சம்பளச் சிட்டை, தன் கற்றலைப் பற்றி எழுதிய விளக்கம் எல்லாம் சேர்ந்தது ‘சான்றுக்கோவை’. இந்தச் சொல்லை விண்ணப்பம் கொடுக்க வந்த இரண்டு பேரிடம் சொன்னபோது விளக்கமே கேட்காமல் “எதையெல்லாம் வைக்கவேண்டும்?” என்றுதான் கேட்டார்கள். அதனால் இதில் எனக்கு உறுதி.

வகுப்புக்கு வராமல் பரீட்சையை மட்டும் எழுதிக் கிரெடிட் பெறுவதற்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘வெளிவாரிப் பரீட்சை’ என்றால் வெளிவாரிப் பட்டத்தோடு சேர்ந்துவிடும், ‘சவால் பரீட்சை’ என்று ஒருவர் எழுதியது ஆங்கிலத்தை அப்படியே எடுத்தது. கையேடு அச்சுக்குப் போகுமுன் இதற்கொரு சொல் வேண்டும், தோன்றுவதை எழுதுங்கள். முடிந்தால் உங்கள் பக்கத்துத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.